யாரென்று சொல்ல மாட்டோம்

திங்கட்கிழமை, மாலை

அன்புள்ள ரேடியோ,

உன் நெட்டை எழுதுகிறேன். நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். அதைக் கேட்கும் யோக்கியதை எனக்கு உண்டா என்று கடைசி வரி வரை படித்துவிட்டு நீயே சொல். இருந்தாலும் கேட்டுவிடுகிறேன். நலமாக இருக்கிறாயா? சாப்பிடுகிறாயா? தூக்கம் வருகிறதா?

நீ எங்கே இருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. உன் போன் மூன்று வாரமாக அணைந்து கிடக்கிறது. நீ குடியிருந்த அறைக்குப் போய்ப் பார்த்தேன். கதவில் புதுப் பூட்டு. வீட்டுக்கார அம்மா, "ஒரே ஒரு பையோட போச்சும்மா. சாவியக் கையில குடுத்துட்டு சிரிச்சுக்கிட்டே போச்சு" என்றார். நீ அழுதாய் என்று சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். சிரித்தாய் என்று கேட்டதும் அங்கே நிற்க முடியாமல் திரும்பிவிட்டேன்.

அப்புறம் ஆஸ்பத்திரியில் நமக்குப் பயிற்சி கொடுத்த ஆலோசகர் அக்காவிடம் போய் நின்றேன். அவர் என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. "அவ எங்க இருக்கான்னு எனக்குத் தெரியும்னும் சொல்ல மாட்டேன், தெரியாதுன்னும் சொல்ல மாட்டேன். எழுதி, ஒட்டிக் குடு. சேர்க்க முடிஞ்சா அவ கையிலயே சேரும். முடியலைன்னா பிரிக்காம உன்கிட்டயே வந்துடும்" என்றார். அவர் வாக்கை நம்பித்தான் எதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

இங்கே சலவை ஆலையில் மடிப்பு மேசையின் இடது மூலை காலியாகவே இருக்கிறது. நீ நின்ற இடம். அங்கே யாரும் நிற்க மாட்டேன் என்கிறார்கள். நீ போன மறுநாளே யாரோ அந்த மூலையை மட்டும் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். மரம் வெளுத்துப்போய்த் தட்டு அளவுக்கு ஒரு வட்டம் தெரிகிறது. ஆபரேஷன் அறையிலிருந்து ரத்தக்கறையோடு வரும் விரிப்புகளைக் கொட்டிப் பிரிக்கும்போது, வியர்க்கிறது என்று கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்கிறவர்கள் இவர்கள். எத்தனை தடவை சண்டை போட்டிருப்பாய் அதற்காக! இப்போது துவைத்த துணியை நீ மடித்த மேசைக்குப் பயப்படுகிறார்கள்.

அந்தக் கடைசி நாள் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. காலையில் நீ வந்தபோது உன் தம்ளரை ஒரு பாலித்தீன் பையில் போட்டு, குழாயடியில் ஆணியில் தொங்கவிட்டிருந்தார்கள். நீ பையைப் பிரித்தாய். தம்ளரைக் கழுவி, தண்ணீர் பிடித்து, எல்லாரும் பார்க்க நின்று குடித்தாய். அதன் பிறகு மதியம் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்று டிரையர் ஓடும் இரைச்சலையும் மீறிக் கேட்கும் உன் குரலுக்காகத்தான் சூப்பர்வைசரே உனக்கு ரேடியோ என்று பேர் வைத்தார். அந்த ரேடியோ அன்றைக்கு நின்றுபோனது. சாப்பாட்டு மணி அடித்தபோது நீ மேலங்கியைக் கழற்றி மடித்து வைத்தாய், போனாய். நான் விரிப்பு தேய்க்கும் ரோலர் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தேன். ஓடி வந்து கையைப் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. ஏன் என்று பிறகு எழுதுகிறேன்.

இப்போது வேறு ஒரு நெருக்கடி. வரும் வியாழக்கிழமை சாப்பாட்டு அறையில் கூட்டம். சூப்பர்வைசர் வைக்கிறார். உன்னைப் பற்றிய பேச்சு ஆஸ்பத்திரிக்காரர்கள் காதுக்குப் போய்விட்டால் துணி கொடுப்பதை நிறுத்திவிடுவார்களோ என்று அவருக்குப் பயம். இன்று நம் குழுவில் மிச்சமிருக்கும் மூன்று பேரை, என்னையும் கண்ணாடியையும் சின்னவளையும் கூப்பிட்டு, "நீங்க மூணு பேரும் டெஸ்ட் எடுத்தவங்கதானே? பேப்பரக் கொண்டாந்து எல்லாருக்கும் காட்டுங்க. சுத்தமான பொண்ணுங்கதான் பேசுறாங்கன்னு தெரியட்டும். அதுக்கப்புறம் நீங்க பழையபடி உங்க எச்.ஐ.வி. கூட்டத்த நடத்திக்கங்க" என்றார். சுத்தமான பொண்ணுங்க. சலவைக்காரர் வாயில் அந்தச் சொல் எவ்வளவு சுலபமாக வருகிறது பார்.

கண்ணாடிக்கு அதில் தப்பே தெரியவில்லை. அவளைக் குறை சொல்லவும் முடியாது. அடுத்த மாதம் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளையின் சித்தி நம் ஆலையில் பேக்கிங்கில் இருக்கிறாள் என்பது உனக்குத் தெரியும். "நமக்கு இல்லங்கறத காட்டுனா யாருக்கு என்ன நஷ்டம்?" என்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டாள். நான் சொன்னேன்: "நாலு பேர் இருந்த குழுவுல மூணு பேர் பேப்பரக் காட்டுனா, நாலாவது பேப்பர நாமளே படிச்சுக் காட்டுன மாதிரிதான்." அவள் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "உனக்கு என்ன, நீ நெட்டையா நிப்ப. எனக்குத்தான் வீட்டுல பதில் சொல்லணும்" என்று எழுந்து போய்விட்டாள். வியாழக்கிழமை அவள் என்ன செய்வாள் என்று தெரியாது.

நம் இஸ்திரிப் பிரிவில் இருக்கும் என் அண்ணி வேறு வீட்டில் என்னைப் பிடித்து உலுக்குகிறாள். "உன் ஃப்ரெண்டுக்கு ஒண்ணும் இல்லைன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிடு. எல்லாம் அடங்கிடும்" என்கிறாள். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறாள். பொய் சொல்லி உன் பேரைக் காப்பாற்றிவிடலாம் என்று எனக்கும் ஒரு நாள் முழுக்க ஆசையாக இருந்தது. ஆனால் இன்றைக்கு உன்னைப் பற்றி இல்லை என்று சொல்லிவிட்டு, நாளை வேறு ஒருத்தியைப் பற்றிக் கேட்கும்போது வாயை மூடிக்கொண்டால், அந்த மௌனமே அவளைக் காட்டிக்கொடுத்துவிடுமே.

யார் சொல்லி இது வெளியே போனது என்று நீ கேட்பாய். கேட்க வேண்டியதுதான். அதை எழுதாமல் இந்த உறையை ஒட்ட மாட்டேன். இன்றைக்கு மட்டும் விட்டுவிடு.

வியாழக்கிழமை, மாலை

ரேடியோ, கூட்டம் முடிந்துவிட்டது. வந்ததும் வராததுமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

அறுபது பேர் இருந்தார்கள். நீ கூட்டம் போட்டால் பெஞ்சை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்வார்களே, இன்றைக்கு எல்லாரும் சுவரோரம் ஒட்டிக்கொண்டார்கள். நடுவில் காலித் தரை. சூப்பர்வைசர் கதவை ஒட்டி நின்றார். ஆலோசகர் அக்காவை அவர் அழைக்கவில்லை. நான், சின்னவள், கண்ணாடி, மூன்று பேரும் தண்ணீர் டிரம் பக்கத்தில் நின்றோம். கண்ணாடி கையில் அவளுடைய கைப்பை இருந்தது. வழக்கமாக லாக்கரில் வைத்துவிட்டுத்தான் வருவாள். அந்தப் பையைப் பார்த்ததும் எனக்குப் புரிந்தது, பேப்பரைக் கொண்டுவந்திருக்கிறாள்.

சூப்பர்வைசர் பேச ஆரம்பித்தார். வதந்தி பரவக் கூடாது, ஆலையின் பேர் கெடக் கூடாது என்று நன்றாகத்தான் பேசினார். கடைசியில், "முதல்ல இந்த மூணு பொண்ணுங்க காட்டட்டும். அடுத்த வாரத்துக்குள்ள ஒவ்வொருத்தரா எல்லாரும் கொண்டாந்து காட்டிடுங்க. பிரச்சனை முடிஞ்சுது" என்றார். எல்லாரும் என்ற சொல் விழுந்ததும் சுவரோரம் ஒரு அசைவு. அதுவரை எங்களையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள் தங்கள் காலைப் பார்த்தார்கள்.

அப்போது ரோலர் அக்கா எழுந்தாள். முதல் கூட்டத்தில், "கல்யாணமே ஆகாத பொண்ணுங்க பேசுற பேச்சா இது?" என்று முந்தானையால் வாயைப் பொத்தினாளே, அவளேதான். அன்றைக்கு நீ, "வெக்கத்த ஒரு அரை மணி நேரம் டிரையர்ல போட்டுட்டு வாங்கக்கா, போகும்போது எடுத்துக்கலாம்" என்றாய், அறையே சிரித்தது. இரண்டு மாதம் கழித்து ஆணுறைப் பாக்கெட்டை யாருக்கும் தெரியாமல் உன்னிடம் கேட்டு வாங்கிப்போனதும் அவள்தான். இன்றைக்கு அவள் முகத்தில் சிரிப்பில்லை. "பேப்பரெல்லாம் இருக்கட்டும். நெட்டை, நீ அவகூடவே இருந்தவ. ரேடியோவுக்கு இருந்துச்சா, இல்லையா? அத மட்டும் சொல்லு" என்றாள்.

எதிர்ச் சுவரோரம் அண்ணி நின்றிருந்தாள். இல்லை என்று சொல் என்று உதட்டை அசைத்தாள்.

பயிற்சியில் ஆயிரம் கேள்விக்குப் பதில் சொல்லிக் கொடுத்தார்கள். பாதுகாப்பில்லாத உறவால் எப்படிப் பரவும், ஊசியால் எப்படி, தாயிடமிருந்து குழந்தைக்கு எப்படி, தட்டாலும் தம்ளராலும் ஏன் பரவாது. எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இந்தக் கேள்விக்கு என் வாயில் வந்தது இதுதான்: "சொல்ல மாட்டேன்க்கா. இருந்தாலும் சொல்ல மாட்டேன், இல்லைன்னாலும் சொல்ல மாட்டேன். நாளைக்கு உங்களப் பத்தி யார் கேட்டாலும் இதையேதான் சொல்லுவேன்."

பக்கத்து அறையில் டிரையர் நின்று பீப் அடித்தது, யாரும் போகவில்லை. சூப்பர்வைசர் மெதுவாகச் சிரித்து, "சொல்ல மாட்டேன்னா இருக்குன்னுதானே அர்த்தம்?" என்றார்.

கண்ணாடி கைப்பையைத் திறந்தாள். முடிந்தது என்று நினைத்தேன். அவள் உள்ளேயிருந்து கைக்குட்டையை எடுத்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பேக்கிங் பெண்கள் நின்ற பக்கம் நேராகப் பார்த்து, "அப்படின்னா எனக்கும் இருக்குன்னே வச்சுக்கங்க. என் பேப்பர் இந்தப் பையிலதான் இருக்கு. அதுல என்ன எழுதியிருக்குன்னு நானும் சொல்ல மாட்டேன்" என்றாள். அவள் குரல் கீச்சென்று போனது. ஆனாலும் சொல்லி முடித்தாள். சின்னவள் அழுதுகொண்டே, "நானும்" என்றாள். அந்த ஒரு வார்த்தைதான்.

நீ இருந்திருந்தால் இதற்கு மேல் நன்றாகப் பேசியிருப்பாய். எங்களுக்கு அவ்வளவுதான் வந்தது.

கை தட்டினார்கள் என்று நினைத்துவிடாதே. ரோலர் அக்கா, "சோறு ஆறிப்போகுது" என்று டப்பாவைத் திறந்தாள். மற்றவர்களும் திறந்தார்கள். சூப்பர்வைசர் போகும்போது சுவரில் இருந்த நம் குழுவின் சுவரொட்டியைக் கிழித்துச் சுருட்டிக்கொண்டு போனார். இனி சாப்பாட்டு நேரத்தில் கூட்டம் கிடையாதாம். ஆனால் எல்லாரும் பேப்பர் கொண்டுவர வேண்டும் என்பதைத் திரும்பச் சொல்லவில்லை.

சனிக்கிழமை, காலை

இன்று ஆலைக்குப் போகவில்லை. நேற்று நடந்ததை எழுதிவிட்டு, எழுத வேண்டியதை எழுதுகிறேன்.

நேற்று குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தேன். ரோலர் அக்கா பக்கத்தில் வந்து தண்ணீரைப் பெரிதாகத் திறந்துவிட்டாள், சத்தத்தில் யாருக்கும் கேட்கக் கூடாது என்று. "எனக்கும் டெஸ்ட் பாத்துக்கணும். எங்க போகணும், யாரப் பாக்கணும்? வீட்டுல அவருக்கு இருமல் விடவே மாட்டேங்குது, உடம்பு குச்சியாயிடுச்சு. எனக்கு ரெண்டு வருஷமாவே பயம். சொல்ல ஆள் இல்ல. நேத்து நீ நின்னதப் பாத்தேன். உன்கிட்ட சொன்னா வெளிய போகாதுன்னு தெரிஞ்சுபோச்சு" என்றாள். அவளுக்குப் பிறகு, சாயங்காலத்துக்குள் இன்னும் ஐந்து பேர். ஒருத்தி படிக்கட்டில் வந்தாள், ஒருத்தி துணி வண்டியைத் தள்ளுவதுபோல் என் பின்னாலேயே வந்தாள். இரண்டு வருடமாக நாம் கத்திக் கத்திப் பேசி ஒரே நாளில் ஆறு பேர் வந்ததுண்டா? எல்லாரிடமும் ஒரே பேச்சு: உன்கிட்ட சொன்னா வெளிய போகாது.

ஆறாவது பெண் அதைச் சொல்லிவிட்டுப் போனதும் நான் கழிப்பறைக்குப் போய் வாந்தி எடுத்தேன்.

ரேடியோ, வெளியே சொன்னது நான்தான்.

மொட்டைமாடியில் ஓட்டல் திரைச்சீலைகளைக் காயப்போட்ட அன்றைக்கு, பிறக்கும்போதே அம்மாவிடமிருந்து வந்தது என்று நீ என்னிடம் சொன்னாய். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் கிளிப்புகளைத் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தாய். நான் உன் கையைப் பிடித்து, "இது என்னோட போகும்" என்றேன். ஐந்து மாதம்கூட என்னிடம் தங்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் நான் அடுத்த கூட்டத்துக்குப் பேசிப் பழகிக்கொண்டிருந்தேன். அண்ணி காய் நறுக்கிக்கொண்டே, "அந்த நோய்க்காரங்கள பாத்தாலே தெரிஞ்சுடும். மூஞ்சியிலயே எழுதி ஒட்டியிருக்கும்" என்றாள். நான் விளக்கினேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. திரும்ப விளக்கினேன். அவள் சிரித்தாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பயிற்சி பெற்றவள் நான், இஸ்திரி போடுகிற அண்ணியிடம் தோற்பதா? "உன் பொண்ண மடியில வச்சு ஊட்டிவிட்டாளே ரேடியோ, அவ மூஞ்சியில என்ன எழுதி ஒட்டியிருந்துச்சு?" என்று கேட்டேன்.

அண்ணி கையில் கத்தி அப்படியே நின்றது. நான் ஜெயித்துவிட்டேன், ரேடியோ. அந்தக் கணத்தில் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அதுதான் இப்போது என்னைக் கொல்கிறது. கோபத்தில் சொல்லியிருந்தால், மிரட்டிக் கேட்டுச் சொல்லியிருந்தால், ஒரு சாக்காவது இருக்கும். விழிப்புணர்வு பேசும்போதே உன்னை உதாரணமாக எடுத்துப் போட்டுவிட்டேன். அந்தக் கடைசி நாள் ஓடி வந்து உன் கையைப் பிடிக்காமல் நின்றதும் இதனால்தான்.

அண்ணியைத் திட்டாதே. குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து, இஸ்திரிப் பிரிவில் தனக்கு நெருக்கமான ஒருத்தியிடம் கேட்டிருக்கிறாள். அங்கிருந்து மூன்றே நாளில் உன் தம்ளர் பாலித்தீன் பைக்குள் போய்விட்டது. நேற்றுதான் முதல் தடவையாக ஆலோசகர் அக்காவிடம் போய் உட்கார்ந்து எல்லாம் கேட்டுக்கொண்டு வந்தாள். வந்து அழுதாள். இந்தக் கடிதத்தில் தன் சார்பில் நாலு வரி எழுதச் சொன்னாள். நீயே எழுது, இன்னொருத்தர் பேச்சை நான் சுமந்து போகிற வேலை இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

கண்ணாடியிடமும் சின்னவளிடமும் நேற்று சாயங்காலம் சொன்னேன். சின்னவள் என் தோளில் கை வைத்தாள். கண்ணாடி வைக்கவில்லை. "நீ பண்ணதுக்கா நான் அங்க எழுந்து நின்னேன்?" என்று கேட்டாள். மாப்பிள்ளை வீட்டிலிருந்து அவள் அப்பாவைப் பேச வரச் சொல்லியிருக்கிறார்கள். என்ன ஆகும் என்று தெரியாது. போகும்போது, "நான் உனக்காக நிக்கல. ரேடியோவுக்காக நின்னேன். அதனால வருத்தப்பட மாட்டேன்" என்றாள். அந்த வார்த்தை உனக்குரியது, அதனால் அனுப்புகிறேன்.

நேற்று வேலை முடிந்ததும் அந்த ஆறு பேரிடமும் நானே போய்ச் சொன்னேன், "ஒருத்தர் சொன்ன ரகசியம் என்கிட்ட ஒரு தடவை நிக்காம போயிருக்கு. அதனால என்கிட்ட எதையும் சொல்லாதீங்க. நேரா ஆலோசகர் அக்காகிட்ட போங்க, கதவு வரைக்கும் சின்னவ துணைக்கு வருவா" என்று. யாருடையது போனது என்று சொல்லவில்லை. இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், அவர்கள் போவார்களா என்பது சந்தேகம்தான். ரோலர் அக்கா மட்டும், "ஒத்துக்கிட்டியே" என்று சொல்லிவிட்டுப் போனாள். செவ்வாய்க்கிழமை தன் கணவரையும் இழுத்துக்கொண்டு போகப் போகிறாளாம். குழுவில் நான் இனி பேசுவதா வேண்டாமா என்பதை மற்ற இரண்டு பேரும் முடிவு செய்யட்டும். உன்னிடம் கேட்காமல் நான் முடிவு செய்ய மாட்டேன்.

இனி ஒன்றே ஒன்று. ஆலோசகர் அக்காவிடம், "அவ மாத்திரை வாங்கிக்கிறாளா, அதையாவது சொல்லுங்க" என்று கெஞ்சினேன். "அதையும் சொல்ல மாட்டேன்" என்றார். சரியான பதில். நான் கற்றுக்கொண்டிருக்க வேண்டிய பதில். ஆனால் அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. புது இடத்தில் ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கக் கூசி விட்டுவிட்டாயோ? அறையில் கூட இருப்பவர்கள் பார்த்துவிடுவார்கள் என்று பயந்து பையின் அடியிலேயே வைத்திருக்கிறாயோ? இத்தனை வருடம் ஒரு வேளை தவறாமல் சாப்பிட்டுத்தான் கிருமி இருக்கும் இடம் தெரியாமல் அடங்கியிருக்கிறது என்று டாக்டர் உன்னைப் பாராட்டினாராமே. என் ஒரு வாக்கியத்தால் அது போய்விடக் கூடாது.

என்னை மன்னிக்கச் சொல்லவில்லை. திரும்பி வா என்று கூப்பிடும் உரிமையும் எனக்கு இல்லை. பதில் போட வேண்டாம். மாத்திரையை மட்டும் ஒரு நாளும் விடாதே. என் மேல் இருக்கும் கோபத்தில்கூட விட்டுவிடாதே. உனக்கு நரை வர வேண்டும், பல் விழ வேண்டும், ரேடியோ. நூறு வருடம் இரு. இருந்து, அந்த நூறு வருடமும் ஊருக்கே கேட்கும்படி என்னைத் திட்டிக்கொண்டே இரு.

உன் திட்டுக்குக் காது கொடுத்துக் காத்திருக்கும்,
நெட்டை